துண்டு துண்டாக வந்த சோபா

அகஸ்டினா கணப்புக்குள் கையை விட்டாள்.

சேலைத் தலைப்பை ஒதுக்கக்கூட நேரமில்லை. நெருப்பில் சுருண்டு கறுத்துக்கொண்டிருந்த காக்கித் தாளைப் பிடுங்கித் தரையில் போட்டுச் செருப்புக் காலால் மிதித்தாள். அவளுடைய உதவியாளன் றிஸாத் மேசையிலிருந்த பூச்சாடியைத் தூக்கினான். பூக்களை மட்டும் வீட்டுக்காரர் லூக்காஸின் கையில் கொடுத்துவிட்டு, தண்ணீரைத் தாளின் மேல் கவிழ்த்தான்.

“அது சும்மா பார்சல் சுத்தி வந்த குப்பைங்க மிஸ்,” என்றார் லூக்காஸ், பூக்களைப் பிடித்தபடி.

“எழுபத்திரண்டு வயசுல முழங்காலைப் பிடிச்சுக்கிட்டுக் குனிஞ்சு எரிச்சீங்களே, அதனாலதான் குப்பையா இருக்காதுன்னு நெனச்சேன்,” என்றாள் அகஸ்டினா. கையில் இரண்டு விரல் சிவந்திருந்தது. அதை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

பண்டாரவளையில் அன்று காலை வெயிலே இல்லை. அந்தப் பெரிய வரவேற்பறையின் நடுவில் ஒரு சோபா அளவுக்கு வெற்றிடம் கிடந்தது.

சாதாரண சோபா இல்லை. எழுபதுகளின் தொடக்கத்தில் இத்தாலியத் தொழிற்சாலை ஒன்று ஒன்றரை வருடம் மட்டும் செய்து, விலைபோகாமல் நிறுத்திவிட்ட வகை. உட்கார்ந்தால் முழங்கால் காதைத் தொடும் அளவுக்குத் தாழ்வு. தேன் நிறத் தோல் மெத்தைகள். முதுகுப் பக்கம் வரிசையாகக் கருமரக் கம்புகள். அடியில் பெட்டி போன்ற மரத்தளம். கொஸ்லந்தவுக்கு மேலே உள்ள தோட்டத்துக்கு அதைக் கப்பலில் இறக்கியவள் ஓர் இங்கிலீஷ் துரையின் மனைவி. தோட்டத்தை அரசாங்கம் எடுத்ததும் துரை போனார், சோபா நின்றது. பங்களாவிலிருந்து பெரிய கிளாக்கர் வீட்டுக்கு இறங்கி, தோட்ட ஆபீஸில் பெரிய கிளாக்கராக இருந்த லூக்காஸ் பதினைந்து வருடத்துக்கு முன் ஓய்வு பெற்றபோது அவரோடு பண்டாரவளைக்கு வந்தது. அன்று யாரும் வாங்காத பொருளை இன்று சேகரிப்பாளர்கள் வலைவீசித் தேடுகிறார்கள். கொழும்பிலிருந்து அப்படி ஒரு பெண்மணி இன்று மாலை நான்கு மணிக்கு அதை ஏற்றிப்போக வருகிறார்.

ஏற்றிப்போகத்தான் சோபா இல்லை. ஞாயிற்றுக்கிழமை லூக்காஸ் பூசைக்குப் போயிருந்த நேரத்தில் காணாமல் போனது. செவ்வாய்க்கிழமை அதன் கைப்பிடித் தோலில் ஒரு துண்டு தபாலில் வந்தது. புதன்கிழமை மெத்தைத் தோலில் ஒரு துண்டு. இன்று, வியாழக்கிழமை, முதுகுக் கம்பில் ஒரு சாண்.

“காதையும் விரலையும் வெட்டி அனுப்புறவன் காசு கேப்பான் மிஸ். இவன் ஒண்ணுமே கேக்குறான் இல்லையே,” என்று முதல் நாளே றிஸாத் சொல்லியிருந்தான். அவன் கிண்டலாகத்தான் சொன்னான். ஆனால் அவனுக்கு உள்ளூரப் பயம் இருந்தது. காரணம், லூக்காஸ் போலீஸுக்குப் போனால் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்வார்: ஹஸீப். பதுளையில் குஷன் கடை வைத்திருப்பவர். இரண்டு மாதத்துக்கு முன் இதே சோபாவின் தோலைப் பழுதுபார்க்க இரண்டு வாரம் தன் கடையில் வைத்திருந்தவர். றிஸாத்தின் அண்ணன்; வாப்பா இல்லாத வீட்டில் அவனை வளர்த்து ஆளாக்கிய மூத்த நானா. காணாமல் போனதைத் தேடிக் கொடுப்பதே தொழிலான அகஸ்டினாவை இந்த விவகாரத்துக்குள் இழுத்து வந்தவனே றிஸாத்தான். போலீஸுக்குப் போகாமல் இருக்க அவள் லூக்காஸோடு பேசி வாங்கிய தவணை இன்று நான்கு மணியோடு முடிகிறது.

அகஸ்டினா நனைந்த தாளை விரித்தாள். பாதி எரிந்துவிட்டது. மிஞ்சிய பாதி போதுமாக இருந்தது. பெறுபவர் இடத்தில் லூக்காஸின் பெயர், அதன் கீழ் ‘மேற்பார்வை: தோட்ட ஆபீஸ், கொஸ்லந்த.’ அனுப்புபவர் இடத்தில் ‘நிலக்ஷனா, ஆறாம் லயம்.’

மற்ற இரண்டு பார்சல்களின் தாள்களும் எங்கே என்று அவள் கேட்டாள். லூக்காஸ் கணப்பைப் பார்த்தார். நிலக்ஷனா யார் என்று கேட்டாள். தோட்டத்தில் ஆயிரம் பேர் இருந்தார்கள், எல்லாரையும் ஞாபகம் வைத்துக்கொள்ள முடியுமா என்றார் அவர். பிறகு சுவர்க் கடிகாரத்தைக் காட்டி, நான்கு மணி என்றால் நான்கு மணிதான் என்று ஞாபகப்படுத்தினார். பூக்கள் இன்னும் அவர் கையிலேயே இருந்தன.

*

றிஸாத்தின் ஆட்டோ ஹப்புத்தளையைத் தாண்டிப் பெரகல சந்தியில் இடப்பக்கம் ஒடித்து இறங்கியது. பின்னால் அகஸ்டினா மடியில் மரக்கம்பை வைத்துக்கொண்டு, கைக்குழந்தைக்காரி போல உட்கார்ந்திருந்தாள்.

“மிஸ், வீட்டுக்குள்ள பூந்து சோபாவையே தூக்கினவனுக்கு வீட்டு விலாசம் தெரியாதா? ஏன் பழைய ஆபீஸுக்கு அனுப்புறான்? பியோன் அங்கயிருந்து பஸ் ஏறி வந்து குடுத்துட்டுப் போறான்.”

“தெரிஞ்சேதான் சுத்தி அனுப்புறான்.”

அதற்கு மேல் அவள் சொல்லவில்லை. தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் வரிசை வீடான லயத்துக்குத் தனி விலாசம் கிடையாது என்பது றிஸாத்துக்கும் தெரியும். தோட்டத்து ஆளுக்கு வருகிற தபால் எல்லாம் தோட்ட ஆபீஸில் இறங்கும்; ஆபீஸ் கொடுத்தால்தான் லயத்துக்குப் போகும். அகஸ்டினாவே ஹாலிஎலப் பக்கத்து லயத்தில் பிறந்தவள். அவளுடைய முதல் வேலைக் கடிதம் ஆபீஸிலிருந்து உறை பிரிக்கப்பட்டுத்தான் வந்தது என்று ஒருமுறை சொல்லியிருக்கிறாள்.

றிஸாத் தன் வாதத்தைத் தொடர்ந்தான். திருடன் தன் நானா இல்லை என்பதற்கு அந்தக் கம்பே சாட்சி என்றான். குஷன்காரன் என்றால் ஆணியைக் கழற்றுவான், மூட்டைப் பிரிப்பான். மரத்தை வெட்டுகிற குஷன்காரனை உம்மா சத்தியமாக அவன் பார்த்ததே இல்லை.

“அது நியாயம்தான்,” என்றாள் அகஸ்டினா. “வெட்டைப் பாருங்க. எப்படி இருக்கு?”

அவன் கண்ணாடியில் பார்த்தான். “சாய்வா இருக்கு.”

“தோலும் சாய்வுதான். மூணு துண்டும் ஒரே மாதிரி. ஏன் சாய்ச்சு வெட்டணும்? மட்டமா வெட்டுறது சுலபம் இல்லையா?”

றிஸாத் யோசித்தான். திருடனுக்குக் கழுத்து சுளுக்காக இருக்கலாம் என்றான்.

அகஸ்டினா ஆட்டோவுக்கு வெளியே கையைக் காட்டினாள். சரிவில் ஒரு மலைப் பகுதி முழுக்கத் தேயிலைச் செடிகள் முழங்கால் உயரத்துக்கு மொட்டையாக நின்றன. கவ்வாத்து வெட்டிய மலை. சில வருடத்துக்கு ஒருமுறை செடியை அப்படிக் குறைத்தால்தான் புதுக் கொழுந்து வரும். கிளையை மட்டமாக வெட்டினால் மழைத்தண்ணீர் தங்கி அழுகிப்போகும். சாய்வாக வெட்டினால் வழிந்துவிடும். கவ்வாத்துக்காரனுக்குச் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடமே அதுதான்.

“சோபாவுல எங்க மிஸ் மழை பெய்யுது?”

“பெய்யாதில்ல. அப்படியும் சாய்ச்சுத்தான் வெட்டியிருக்கான். இருபது வருஷம் பழகின கைக்கு மட்டமா வெட்ட வராது. அதோட, இந்தச் சாய்வு மத்தவங்க சாய்க்கிற பக்கம் இல்ல. ஆளு இடதுகை.”

றிஸாத்துக்கு உற்சாகம் வந்துவிட்டது. ஹஸீப் நானாவுக்கு வலதுகை. போதாததற்கு அவர் வாழ்நாளில் தொட்ட ஒரே தேயிலை, கோப்பைக்குள் இருந்ததுதான். அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான்.

*

கவ்வாத்துக் கூட்டம் தோட்டத்தின் மேல் மலையில் வேலையாக நின்றது. பதினோரு ஆண்கள், நான்கு பெண்கள். கத்திகள் ஒரே தாளத்தில் விழுந்துகொண்டிருந்தன. கங்காணி, தலையில் சாக்குக் கொங்காணியோடு, வந்தவர்களைப் பார்த்ததும் சிரித்தபடி இறங்கி வந்தார். நிலக்ஷனா என்ற பெயரைக் கேட்டதும் அந்தச் சிரிப்பு நின்றுபோனது.

“அந்தப் புள்ளைய அடக்கம் பண்ணி இருபத்திரண்டு வருஷம் ஆச்சுங்களே,” என்றார்.

றிஸாத் மரக்கம்பைப் பார்த்தான். செத்துப்போனவள் அனுப்பிய பார்சலை இவ்வளவு நேரம் ஆட்டோவில் வைத்துக்கொண்டு வந்ததை நினைத்து, சீட்டுக்குத் தனியாக ஓதிப் பார்க்க வேண்டும் என்று முணுமுணுத்தான்.

அகஸ்டினா கங்காணியிடம் வேறு ஒன்று கேட்டாள். வரிசையில் கடைசி ஓரத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கிறதே, அங்கே நிற்பவர் யார்?

றிஸாத் திரும்பிப் பார்த்தபோதுதான் அவனுக்கும் அது புரிந்தது. பதினைந்து பேரும் நெருக்கமாக ஏறிப் போகிறார்கள். இடது ஓரத்தில் மட்டும் ஒரு வரிசைச் செடி வெட்டப்படாமல் பின்தங்கிக் கிடக்கிறது. இடதுகைக்காரனை நடுவில் விட்டால் அவன் கத்தியும் பக்கத்து ஆள் கத்தியும் ஒன்றையொன்று நோக்கி விழும். அதனால் அவனை எப்போதும் ஓரத்தில்தான் நிறுத்துவார்கள்.

அது ஜெசிந்தனின் இடம் என்றார் கங்காணி, வேண்டாவெறுப்பாக. நிலக்ஷனாவின் தம்பி. திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டுக்குப் பெயர் கொடுக்க வரவில்லை. எங்கே போனான் என்று தெரியாது.

சொல்லும்போது அவர் கொஸ்லந்த டவுனைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், றிஸாத்தின் ஆட்டோவைப் பார்த்தார். மேட்டில் நின்ற ஒரு தகரக் கூரைக் கட்டடத்தை மட்டும் பார்க்கவேயில்லை. அதைப் பார்க்காமல் இருக்க அவர் பட்ட பாட்டைப் பார்த்து, அகஸ்டினா நன்றி சொல்லிவிட்டு நேராக அந்த மேட்டில் ஏறினாள்.

அது பழைய பிள்ளைக் காம்பரா. தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது கைக்குழந்தைகளை விட்டுப்போகும் இடம். கீழே புதிதாக ஒன்று கட்டியபின் கைவிடப்பட்டது. வாசற்படியில் நாற்பது வயது மதிக்கத்தக்க ஒருவன் உட்கார்ந்து, வளைந்த கத்தியைக் கல்லில் தீட்டிக்கொண்டிருந்தான். இடதுகையால்.

றிஸாத் இரண்டடி பின்னால் நின்றான். பயமில்லை, மிஸ்ஸுக்கு வழி விட்டான்.

ஜெசிந்தன் ஓடவில்லை. கத்தியைப் படியில் வைத்துவிட்டு எழுந்து, கதவைத் திறந்துவிட்டான்.

உள்ளே சுவரில் யாரோ எப்போதோ வரைந்த யானைக்கும் வாத்துக்கும் கீழே, அந்தத் தேன் நிற சோபா கிடந்தது. ஒரு கைப்பிடியில் ஒரு துண்டுத் தோல் இல்லை. ஒரு மெத்தையில் சாய்சதுரமாகப் பஞ்சு தெரிந்தது. முதுகில் ஒரு கம்பு பாதியில் நின்றது. மற்றபடி முழுசாக இருந்தது. அதன் மேல், ஆள் உட்காருகிற இடத்தில், சின்னச் சின்னக் கட்டுகளாகக் கடிதங்கள். காற்றில் பறக்காமல் இருக்க ஒவ்வொன்றின் மேலும் ஒரு கூழாங்கல்.

“எத்தனை துண்டு அனுப்புறதா இருந்தீங்க?” என்று கேட்டாள் அகஸ்டினா.

“நாப்பத்தேழு. ஒரு காயிதத்துக்கு ஒண்ணு. ஒவ்வொரு துண்டும் அந்தக் காயிதத்துக்குரிய ஆளு பேருல. லூக்காஸ் ஐயா குந்தியிருந்த எடத்தை அவருகிட்டயே அனுப்பிடலாம்னு பார்த்தேன்.”

அவன் சொல்லச் சொல்ல, அவள் கட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தாள். ஆசிரியர் வேலை நேர்முகத் தேர்வுக்கு வரச்சொல்லி ஒன்று. அந்தப் பையன் இன்று கொழும்பில் ஹோட்டலில் பாத்திரம் கழுவுகிறான். ஆஸ்பத்திரியிலிருந்து ஆபரேஷனுக்கு நாள் குறித்து ஒன்று. அந்த நாள் போய், ஆளும் போய்விட்டார். திருச்சிப் பக்கத்திலிருந்து, இந்தியாவுக்கு அனுப்பப்பட்ட குடும்பங்கள் இங்கே விட்டுப்போன சொந்தங்களுக்கு எழுதியவை பத்துக்கு மேல். எல்லாம் ஆபீஸில் இறங்கியவை. எதுவும் லயத்துக்குப் போகவில்லை. படித்தவன் ஒவ்வொருவனாக வெளியே போய்விட்டால் பெரட்டுக்கு யார் நிற்பது என்று அன்றைய பெரிய கிளாக்கர் லூக்காஸ் கணக்குப் போட்டிருக்கிறார். கொடுக்கவும் மனமில்லை, எரிக்கவும் துணிவில்லை. எந்தத் தாளையும் அழிக்கத் தெரியாத கிளாக்கர் புத்தி. தன் வீட்டில் கிடந்த சோபாவின் முதுகு இடுக்கு வழியாக ஒவ்வொன்றாக அடிப்பெட்டிக்குள் தள்ளிவிட்டு, அதன் மேல் உட்கார்ந்து இத்தனை வருடம் தேநீர் குடித்திருக்கிறார்.

றிஸாத் யானையையும் வாத்தையும் பார்த்துக்கொண்டு நின்றான்.

“உங்க அக்காவுக்கு?” என்றாள் அகஸ்டினா.

ஜெசிந்தன் ஓரமாக இருந்த தடித்த கட்டைக் காட்டினான். தொடவில்லை.

“ஒம்பது. அக்கா பதுளையில தையல் படிச்சா. அங்க ஒருத்தரோட பழக்கம். வீட்டுல சொல்லி முடிச்சிட்டுக் காயிதம் போடுறேன், வா, கட்டிக்கிறேன்னு சொல்லியிருக்காரு. இவ ஒரு வருஷம் தெனமும் ஆபீஸ் வாசல்ல போய் நின்னா. லூக்காஸ் ஐயா கண்ணாடியைக் கழட்டி, உனக்கு ஒண்ணும் வரல புள்ளைன்னு சொல்லுவாரு. நானும் கூட நின்னிருக்கேன், என்கிட்டயும் சொன்னாரு. அப்புறம் அவ குவைத்துக்கு வீட்டு வேலைக்குப் போனா. பெட்டியில வந்தா.”

அகஸ்டினா போனை எடுத்தாள். மணி ஒன்றரை. லூக்காஸ் முதல் மணியிலேயே எடுத்தார். சோபா கிடைத்துவிட்டது என்றாள். ஸ்பீக்கரில் அவர் கர்த்தருக்கு நன்றி சொல்லி முடிக்கும்வரை பொறுத்திருந்தாள்.

“நீங்க கொழும்பு அம்மாவையும் கூட்டிக்கிட்டு நாலு மணிக்கு இங்க வாங்க. பெரட்டுக் களத்துக்கு. இங்க நாப்பத்தேழு காயிதம் இருக்கு. அதுக்குரியவங்கள்ல உயிரோட இருக்கிறவங்க வருவாங்க, இல்லாதவங்க வீட்டுல இருந்து ஒருத்தர் வருவாங்க. பழையபடி நீங்க பேரைக் கூப்பிட்டு, உங்க கையால குடுக்கணும். இல்லன்னா இந்தக் கட்டு அப்படியே போலீஸுக்குப் போகும். யாரோட தபாலை யாரு மறிச்சு வச்சா என்ன தண்டனைன்னு நான் சொல்லத் தேவையில்ல.”

லூக்காஸ் மறுத்தார். தான் வயதானவன், இருதய நோயாளி, அந்தக் களத்தில் நிற்க முடியாது என்றார். நாற்காலி போட்டுத் தருவதாக அகஸ்டினா சொன்னாள். அந்தப் பெண்மணி இல்லாமல் வரலாமா என்று கேட்டார். முடியாது என்றாள், வாங்குகிற பொருளுக்குள் என்ன இருந்தது என்று வாங்குகிறவருக்குத் தெரிய வேண்டாமா.

வேறு வழியில்லை என்று அவருக்கு உறைத்தது ஸ்பீக்கரிலேயே தெரிந்தது. வருகிறேன் என்றார்.

றிஸாத் சுவரில் சாய்ந்தான். நான்கு மணிக்கு லூக்காஸ் எந்தப் போலீஸ் வாசலிலும் நிற்கப் போவதில்லை. நானா தப்பிவிட்டார். மூன்று நாளாக நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது.

அப்போது லூக்காஸின் குரல் திரும்ப வந்தது. இம்முறை அதில் கெஞ்சல் இல்லை. வன்மம் இருந்தது.

“அடிப்பக்கத்தைத் தொறக்கவே கூடாதுன்னு சொல்லித்தான் அந்தக் குஷன்காரன்கிட்ட குடுத்தேன். தோலை மட்டும் தைச்சாப் போதும்னு ரெண்டு தரம் சொன்னேன். தொறந்திருக்கான்.”

போன் அணைந்தது.

றிஸாத் அகஸ்டினாவைப் பார்த்தான். அவள் அவனைப் பார்க்கவில்லை. காலையிலேயே தெரியும் என்றாள், மெதுவாக. அவ்வளவு அகலமான சோபா அவ்வளவு குறுகிய கதவு வழியாக வெளியே போயிருக்கிறது. கதவு நிலையில் ஒரு கீறல்கூட இல்லை. அதை எங்கே எப்படிக் கழற்ற வேண்டும் என்று தெரிந்த ஒருவர்தான் கொண்டுபோயிருக்க முடியும். அண்டை வீட்டாரும் ஏன் கேட்கப்போகிறார்கள்? குஷன் கடை லொறியில் சோபா ஏறுவது உலக வழக்கம். வெட்டிய கை வேறு, கழற்றிய கை வேறு.

“சரி, தொறந்தாரு, பார்த்தாரு, பாவம்னு கொண்டுவந்து குடுத்தாரு. அதோட விட்டிருக்கலாமே மிஸ். திருடுற அளவுக்கு என்ட நானாவுக்கு என்ன வந்தது? இந்தத் தோட்டத்துல எங்களுக்கு யாரு இருக்கா?”

பதில் சொன்னவன் ஜெசிந்தன்.

“குடுக்கத்தான் வந்தாரு. எல்லாக் காயிதத்தையும் பையில போட்டுக்கிட்டு லயம் லயமா விசாரிச்சு வந்தாரு. மொதல்ல எங்க வாசல்ல வந்து, அக்கா எங்கன்னு கேட்டாரு. நான் கல்லறையைக் காட்டினேன். அன்னைக்குப் பொழுது சாயிற வரைக்கும் அங்கயே குந்தியிருந்தாரு. எந்திரிச்சப்போ ஒண்ணுதான் கேட்டாரு, அந்த ஆளு எந்தக் கிழமை கோயிலுக்குப் போவாருன்னு.”

அவன் அந்தத் தடித்த கட்டை எடுத்து றிஸாத்தின் கையில் வைத்தான். ஒன்பது உறைகள். மங்கிய நீலம். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. தொண்ணூற்றொன்பதாம் வருட முத்திரை. றிஸாத் மேலே இருந்ததைத் திருப்பினான். பின்பக்கம், வீட்டுச் சுவரிலும் கடைப் பலகையிலும் அவன் பார்த்து வளர்ந்த அதே கையெழுத்தில் எழுதியிருந்தது:

அனுப்புபவர்: ஹஸீப், குஷன் கடை, பதுளை.